பாவு ஓட்டுகிறவர் வராத நாள்

சேலத்தில் ஊடகவியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 2023-இல் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்களே, நடிகர் வராவிட்டால் படப்பிடிப்பு நிற்கும், எழுதுகிறவர் வராவிட்டால் எப்படி நிற்கும்? தொலைக்காட்சியும் சினிமாவும் அதில் எவ்வளவு அடிபட்டன? நம் ஊரில் அப்படி ஒன்று நடக்குமா? பதினொரு வருடம் சென்னையில் தொடர்களுக்கு வசனம் எழுதிவிட்டு சேலம் அம்மாபேட்டைக்குத் திரும்பி வந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு. அதை ஓட்டித் தயார் செய்கிறவர் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தறி நிற்காது. ஏற்கெனவே ஏற்றிய பாவு இருக்கும், அது தீரும்வரை அப்பா நெய்துகொண்டே இருப்பார். தெருவில் போகிறவர்களுக்கு வழக்கம்போல் சத்தம் கேட்கும். பாவு தீர்ந்த அன்றுதான் வீடு திடீரென்று அமைதியாகும். பிறகு அவர் சமாதானமாகித் திரும்பி வந்தாலும் உடனே சத்தம் எழும்பாது. பாவு ஓட்டி, இழை இழையாகப் பிணைத்து, தறியில் ஏற்றி முடிக்கும்வரை நெசவாளி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தாலும் இதேதான் நடக்கிறது. கையிருப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நாள் வெளியே ஒன்றும் தெரியாது. கையிருப்பே வைக்க முடியாத நிகழ்ச்சிதான் முதலில் விழும். அமெரிக்காவில் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிகள் அப்படிப்பட்டவை. காலையில் வந்த செய்தியை வைத்துப் பகலில் நகைச்சுவை எழுதி, மாலையில் பதிவு செய்து, இரவில் ஒளிபரப்புவார்கள். 2023 மே 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியதும் அவை உடனடியாகப் பழைய பதிவுகளுக்குப் போய்விட்டன. அடுத்து அடிபடுவது பகல் நேரத் தொடர்கள், அவற்றுக்குச் சில வாரக் கையிருப்பு உண்டு. வார நாடகங்களுக்கு வேறு கணக்கு. அங்கே தொடர்களின் புதிய பருவம், அதாவது சீசன், செப்டம்பரில் தொடங்கும், அதற்கான எழுத்து வேலை மே, ஜூனில் ஆரம்பமாகும். மே மாதம் எழுதுவது நின்றால் செப்டம்பர் காலியாகும். 1988-இல் ஐந்து மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போதும் இலையுதிர்காலப் பருவம் தள்ளித்தான் தொடங்கியது.

சினிமாவுக்கு அடி கடைசியில் விழும், வித்தியாசமாகவும் விழும். எழுதி முடித்த கதை கையில் இருந்தால் படப்பிடிப்பைத் தொடரலாம், ஆனால் ஒரு வரியைக்கூட மாற்ற ஆள் இராது. படப்பிடிப்பில் நின்றவர்களுக்குத்தான் இதன் வேதனை தெரியும். எந்தக் காட்சியும் எழுதியபடியே எடுக்கப்படுவதில்லை. மழை பெய்யும், நடிகருக்குக் கால்ஷீட் குறையும், இரண்டு பக்கக் காட்சியை அரைப் பக்கமாக்கச் சொல்வார்கள். சீன் பேப்பர் காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு வேறொன்று. 2007 நவம்பர் 5-இல் தொடங்கி நூறு நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில் ஜேம்ஸ் பாண்ட் படமான குவாண்டம் ஆஃப் சோலஸ் மாட்டிக்கொண்டது. எழுத்தாளர் இல்லாததால் தானும் இயக்குநரும் உட்கார்ந்து காட்சிகளைத் திருத்தியதாக நாயகன் டேனியல் கிரெய்க் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அதே வேலைநிறுத்தத்தால் பிரேக்கிங் பேட் என்ற தொடரின் முதல் பருவம் ஒன்பது பகுதிகளுக்குப் பதில் ஏழோடு முடிந்தது. கோல்டன் குளோப் விருது விழா வெறும் செய்தியாளர் கூட்டமாகச் சுருங்கியது.

2023-இல் நிலைமை இன்னும் இறுகியதற்கு இரண்டு காரணங்கள். எழுத்தாளர்கள் படப்பிடிப்புத் தளங்களின் வாசலில் பதாகையோடு நின்றார்கள். அந்த வரிசையைத் தாண்டி வண்டி ஓட்ட மாட்டோம் என்று ஓட்டுநர் சங்கத்தினர் பலர் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். விளக்கும் கேமராவும் ஏற்றிய வண்டி உள்ளே வரவில்லை என்றால், முழுதாக எழுதி முடித்த கதை இருந்தும் என்ன பயன்? இரண்டாவது, ஜூலை 14-இல் நடிகர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் வெளியே நின்றது 1960-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. நடிகர்கள் விளம்பரத்துக்கும் வரமாட்டார்கள் என்பதால், எடுத்து முடித்த டியூன் இரண்டாம் பாகம்கூட 2023 நவம்பரிலிருந்து அடுத்த மார்ச்சுக்குப் போனது. எம்மி விருது விழா செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குப் போனது. எழுத்தாளர்கள் 148 நாள் கழித்து செப்டம்பர் 27-இல் வேலைக்குத் திரும்பினார்கள், நடிகர்கள் நவம்பரில்.

நடுவில் அடிபட்டவர்கள் யார் என்பதை மட்டும் பூசி மெழுக மாட்டேன். தச்சர், தையற்காரர், சாப்பாடு போடுகிறவர், ஒப்பனைக்காரர் என்று நாட்கூலி வாங்கும் யாரும் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. 2007–08 வேலைநிறுத்தத்தால் கலிபோர்னியாவுக்கு 210 கோடி டாலர் இழப்பு என்று மில்கன் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதில் ஒரு பங்கு இவர்கள் வீட்டு அடுப்பிலிருந்து போனதுதான். எழுத்தாளர் கேட்டது நியாயம் என்று நினைக்கிறவன் நான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சரி, எதற்காகச் சண்டை? சம்பளம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடப்பது ஒரே வழக்குதான்: எழுதியது மறுபடி ஓடும்போது எழுதியவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? அதை ரெசிடுவல் என்கிறார்கள். புதிதாக ஒரு பெட்டி கண்டுபிடிக்கப்படும், பழைய படம் அந்தப் பெட்டியில் ஓடும், பணம் முதலாளிக்குப் போகும், எழுத்தாளர் தெருவுக்கு வருவார். 1960-இல் அந்தப் பெட்டி தொலைக்காட்சி. திரையரங்கப் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றதில் பங்கும், ஓய்வூதிய, மருத்துவ நிதியும் அந்த வேலைநிறுத்தத்தில் கிடைத்தன. பிறகு வீடியோ கேசட் வந்தது. அதற்கு ஒப்புக்கொண்ட சொற்பக் கணக்கே டிவிடிக்கும் ஒட்டிக்கொண்டது, ஒரு டிவிடி விற்றால் எழுத்தாளருக்குச் சுமார் 4 சென்ட். 2007-இல் அதை இரட்டிப்பாக்கத்தான் கிளம்பினார்கள். ஆனால் கடைசி நேரத்தில் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டு இணையத்துக்கான உரிமையைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு எட்டும் காசை விட்டுவிட்டுக் காற்றைப் பிடிக்கிறார்களே என்று கேலி பேசியவர்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் படம் காட்டத் தொடங்கியது அதே 2007-இல்தான். டிவிடி இன்று எங்கே இருக்கிறது? செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் கிடக்கிறது. பேரத்தில் எதை விடுவது என்று தெரிந்திருப்பது பெரிய வித்தை. அன்று அவர்களுக்கு அது கைவந்தது.

2023-இன் சிக்கல் வேறு மாதிரி. முன்பு ஒரு தொடருக்கு ஆண்டுக்கு 22 பகுதிகள், எழுத்தாளருக்கு ஏறக்குறைய நாற்பது வார வேலை. இணையத் தளங்கள் வந்த பிறகு எட்டு அல்லது பத்துப் பகுதிகள், இருபது வாரம். வாரக்கூலி அதேதான் என்றாலும் வருடக்கூலி பாதியாகிவிட்டது. போதாக்குறைக்கு, தொடருக்கு அனுமதி கிடைக்கும் முன்பே நான்கைந்து பேரைச் சில வாரங்களுக்கு அழைத்து, கதையைப் பிழிந்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் ‘மினி ரூம்’ என்ற ஏற்பாடு. குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்கிறவர்கள் பத்தாண்டுக்கு முன் மூன்றில் ஒரு பங்கு, அப்போது ஏறத்தாழப் பாதி என்று எழுத்தாளர் சங்கம் கணக்குக் காட்டியது. பழைய தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்புக்குக் காசு வரும். இணையத் தளத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே ரகசியமாக இருந்தது, எதை வைத்துப் பங்கு கேட்பது?

முடிவில் என்ன கிடைத்தது? சங்கம் கேட்டதன் மதிப்பு ஆண்டுக்கு 42.9 கோடி டாலர். நிறுவனங்கள் முதலில் தர முன்வந்தது 8.6 கோடி. முடிந்தது 23.3 கோடியில். குறைந்தபட்ச ஊதியம் முதலாண்டில் 5 சதவீதம் ஏறியது. உள்நாட்டுச் சந்தாதாரர்களில் ஐந்தில் ஒரு பங்கினராவது முதல் தொண்ணூறு நாளில் பார்த்த படைப்புக்கு ரெசிடுவலில் பாதி அளவு கூடுதல் தொகை என்று ஒப்புக்கொண்டார்கள். பார்வையாளர் எண்ணிக்கையைச் சங்கத்துக்குக் காட்டவும் இசைந்தார்கள், என் கணக்கில் அதுதான் பெரிய வெற்றி. செயற்கை நுண்ணறிவு எழுதியது எழுத்தாகக் கருதப்படாது, அதைக் காட்டி எழுத்தாளரின் ஊதியத்தையோ பெயரையோ குறைக்கக்கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது.

வெற்றி என்று சொன்னதும் கொடி பிடிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2022-இல் 599 கதைத் தொடர்கள் வெளிவந்ததாக எஃப்எக்ஸ் தொலைக்காட்சி கணக்கெடுத்தது. 2023-இல் அது 516. எல்லாப் பழியையும் வேலைநிறுத்தத்தின் தலையில் போட முடியாது. பணத்தை இறைத்துத் தொடர் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் ஏற்கெனவே கையைச் சுருக்கத் தொடங்கியிருந்தன. கூலி உயர்ந்தது, வேலை குறைந்தது. கைத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு இது புதிய கதையா என்ன?

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எழுத்தாளர் இல்லாத நேரத்தில் எழுத்தே தேவைப்படாத நிகழ்ச்சிகள் புகுந்துகொள்ளும். 1988 வேலைநிறுத்தத்தை ஒட்டி, போலீஸ் வண்டியின் பின்னால் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடும் காப்ஸ் என்ற நிகழ்ச்சிக்கு வழி திறந்தது. 1989-இல் தொடங்கிய அது பல பத்தாண்டுகள் ஓடியது. ‘ரியாலிட்டி ஷோ’ என்று நம் வீடுகளில் இன்று அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கும் குலத்தின் மூத்தோரில் அதுவும் ஒன்று.

நம் ஊருக்கு வருவோம். எழுத்தாளர் வேலைநிறுத்தம் நமக்கு வந்ததில்லை. ஆனால் திரை வெறிச்சோடினால் எப்படியிருக்கும் என்பதை 2020-இல் பார்த்துவிட்டோம். மார்ச் மாதம் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றன. தமிழ்த் தொடர்களின் கையிருப்பு சில நாள்கள்தான், நன்றாகத் திட்டமிடும் குழுவாக இருந்தால் இரண்டு வாரம். அது தீர்ந்ததும் பழைய தொடர்கள் கிளம்பி வந்தன. தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தையே மறுபடி ஒளிபரப்பி நாட்டையே உட்கார வைத்தது. எங்கள் வீட்டில் அம்மா பழைய தொடர் ஒன்றைப் பத்து நாள் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் சொன்னார்: “இந்த மாமியார் பேசுற பேச்செல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதுடா. நீ எழுதினதா?”

நான் எழுதியதுதான். அந்த மாமியாரின் பாதி வசனம் என் பெரியம்மாவிடமிருந்து எடுத்தது, அதனால்தான் அம்மாவுக்குக் காது நிமிர்ந்தது. நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த மாதங்களில் என் எழுத்து தினமும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. விளம்பரமும் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ரெசிடுவல் என்றால் என்னவென்று புத்தகத்தில் படிப்பதைவிட அன்று நன்றாகப் புரிந்தது.

நம் ஊரில் எழுத்தாளர் வேலைநிறுத்தம் நடக்குமா என்ற கேள்விக்கு ஏற்காடு சாலையில் நின்று பதில் சொல்ல வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் அங்கே நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் சேர்வராயன் மலை, உள்ளே ஸ்டுடியோ இல்லை. 1930-களில் அதைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்சில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஆலை நடத்துவதுபோலவே படம் எடுத்தார். நேரத்துக்கு வருகை, மாதச் சம்பளம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கலைஞர் கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுத்து வேலை பார்த்தவர்கள். வசனம் எழுதியவர் பெயருக்காக மக்கள் கொட்டகைக்கு வந்த காலம் அது. கண்டிப்பான முதலாளி என்று சுந்தரத்தைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. ஆனால் ஒன்று, மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் முதலாளி யார் என்று தெரியும். யாரிடம் கூலி உயர்வு கேட்பது என்றும் தெரியும்.

ஸ்டுடியோக்கள் போன பிறகு அந்த முதலாளியின் இடம் காலியானது. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று ஒரே பெயர் திரையில் விழத் தொடங்கியது. எழுதுகிறவரும் எழுதச் சொல்கிறவரும் ஒருவரே என்றால் யார் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? அந்த ஒரே பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் பலர். அவர்களுக்குப் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

ஒரு படத்தின் கதை விவாதத்துக்கு என்னை ஏற்காட்டுக்கு அழைத்தார்கள். ஏரிக்குச் சற்று மேலே ஒரு விடுதி, இரண்டு அறை, ஆறு பேர், பன்னிரண்டு நாள். காலையில் பனி சன்னலை மூடியிருக்கும், இயக்குநர் போர்வையைப் போர்த்துக்கொண்டு “சொல்லுங்க சார்” என்பார். இடைவேளைக் காட்சி மட்டும் பதினேழு விதமாக யோசித்தோம். எடுக்கப்பட்டது நான் சொன்னது. சாப்பாடு, தங்குமிடம், தினமும் பேட்டா, கடைசி நாள் ஒரு கவர். படம் வந்தபோது நன்றி அட்டையில்கூடப் பெயர் இல்லை. அமெரிக்கர்கள் மினி ரூம் என்று கூப்பாடு போட்டார்களே, அதைத்தான் நாம் ‘டிஸ்கஷன்’ என்கிறோம். அவர்களுக்கு அது அநியாயம், நமக்கு அது வாய்ப்பு.

சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது, ஊடகம் படிக்கிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் பதிப்புரிமையை நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் அவர் ஊழியர். ஊழியர் என்பதால்தான் சங்கம் வைத்து மொத்தமாகப் பேரம் பேசவும் வேலைநிறுத்தம் செய்யவும் முடிகிறது. அதே நாட்டில் மேடை நாடகம் எழுதுகிறவர் பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்திருக்கிறார், அதனால் அவருக்கு அந்த மாதிரிச் சங்கம் கிடையாது. நமக்கோ 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அழகான உரிமை ஒன்றைத் தந்திருக்கிறது. திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர வேறு எந்த வழியில் எழுத்தைப் பயன்படுத்தினாலும் எழுதியவருக்குச் சமபங்கு ராயல்டி உண்டு, அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. தொலைக்காட்சியும் இணையத் தளமும் அதில் அடங்கும். மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர் ஜாவேத் அக்தர். பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. வசனம் எழுதிய எனக்கு அந்தச் சட்டத்தின் பேரில் இன்றுவரை எதுவும் வந்து சேரவில்லை. உரிமை நம்மிடம், பேரம் பேசும் வலு அவர்களிடம்.

தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் சென்னையில் இருக்கிறது. கதையைப் பதிவு செய்யலாம், திருட்டுப் புகார் கொடுக்கலாம். பயனுள்ள வேலைதான். ஆனால் ஒரு பகுதிக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் எழுதக்கூடாது என்று அடித்தளக் கூலி நிலைத்திருந்தால்தான் வேலைநிறுத்தத்துக்குப் பொருள் உண்டு. தமிழ் சினிமாவில் பெரிய நிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் தொடங்கி ஒன்றரை மாதம் புதுப்படமே வரவில்லை. ஆனால் நிறுத்தியவர்கள் தயாரிப்பாளர்கள், சண்டை டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்கு. எழுத்தாளர் அதில் பார்வையாளர்தான்.

கையிருப்புக் கணக்குப்படி பார்த்தால் தமிழ்த் தொடர்கள்தான் ஹாலிவுட்டைவிடச் சீக்கிரம் நிற்க வேண்டியவை. இரவு எழுதிய வசனம் காலையில் தளத்துக்குப் போகிறது. நடிகை அதை மனப்பாடம் செய்வதில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகப் படிக்க, அவர் திருப்பிச் சொல்கிறார். பேப்பர் வராவிட்டால் அந்த உதவி இயக்குநருக்குப் படிக்க ஒன்றுமில்லை. பத்து நாளில் திரை காலியாகிவிடும். அப்படி நடக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம், பேப்பர் எப்படியும் வந்துவிடும் என்பதுதான். அந்த உதவி இயக்குநரே எழுதுவார், மோசமாகவும் எழுத மாட்டார். நான் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன். பல தொடர்கள் வேறு மொழியில் ஏற்கெனவே ஓடியவற்றின் மறு ஆக்கம் என்பதால் கதையும் கையிலேயே இருக்கும். அதுவும் போதாவிட்டால் இந்தித் தொடரை மொழிமாற்றி இறக்கிவிடலாம். பாவு ஓட்டுகிறவருக்கு எங்கள் தெருவில் மதிப்பு இருந்தது, அவர் வேலையை வேறு யாரும் செய்ய முடியாது என்பதால்தான்.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிப்பு முடிந்து இவரும் சென்னைக்குத்தான் பஸ் ஏறுவார். எழுதும் வேலைக்கு ஒப்பந்தம் கொடுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். உங்கள் பெயர் எந்த இடத்தில், எந்தச் சொல்லில் வரும் என்று இருக்கிறதா? எத்தனை முறை திருத்தி எழுத வேண்டும் என்று எண் போட்டிருக்கிறதா? உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த ஊடகத்துக்கு என்று இருக்கிறதா? காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் ‘உலகம் முழுவதும், என்றென்றும்’ என்ற வரியை அவர்கள் மறக்காமல் போடுகிறார்கள். நான் பதினொரு வருடத்தில் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர்கள். அச்சடித்த காகிதம் எதுவும் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடுமுன் கொண்டுவாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.